இன்னொரு 8 ஜிபி ராம் போட்டால் கேம் பறக்குமா?

திருமங்கலத்தில் இருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, என்கிட்ட ஐ3 10100எஃப் பிராசசர், எச்410 போர்டு, ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கு. வேலரன்ட் நல்லா ஓடுது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போட்டா, குதிரை ஊருக்குள்ள நுழைஞ்சதும் படம் நின்னு நின்னு வருது. கடையில கேட்டா, இந்த 8-ஐக் கழற்றிக் கொடுத்துட்டு 16 ஜிபி ஸ்டிக் ஒண்ணு போடு, கேம் பறக்கும்ங்கிறாங்க. ராம் கூட்டினா எஃப்பிஎஸ் கூடுமா?"

தம்பி, பறக்காது. எஃப்பிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை பிரேம், அதாவது படம், வருகிறது என்ற கணக்கு. அது பெரிதாக ஏறாது. ஆனால் அந்த நின்று நின்று வருவது பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த இரண்டும் வேறு வேறு. காளவாசல் பக்கம் பதினெட்டு வருடமாக சிஸ்டம் அசெம்பிள் செய்கிறேன். ராம் போட்டும் வேகம் வரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்களில் பாதிப் பேர், நின்று நின்று வருவதை எஃப்பிஎஸ் குறைவு என்று நினைத்துக்கொண்டவர்கள். மீதிப் பேர், உண்மையிலேயே எஃப்பிஎஸ் குறைவாக இருந்ததை ராம் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டவர்கள்.

ராத்திரி பரோட்டாக் கடை முன்னால் நின்று பார்த்திருப்பீர்கள். கல் இருக்கிறது, மாஸ்டர் இருக்கிறார், பக்கத்தில் மேசை மேல் எண்ணெய் தடவிய மாவு உருண்டைகள் வரிசையாக இருக்கின்றன. பின்னால் ஒரு அறையில் மைதா மூட்டை. மேசையில் 50 உருண்டை வைக்க இடம் இருக்கிறது, மாஸ்டரால் ஒரு நேரத்தில் கல்லில் எட்டுதான் போட முடியும் என்றால், மேசையை 100 உருண்டைக்குப் பெரிதாக்கி என்ன புண்ணியம்? பரோட்டா அதே வேகத்தில்தான் வரும். ஆனால் மேசையில் ஆறு உருண்டைக்குத்தான் இடம் என்று வையுங்கள். ஆறு முடிந்ததும் பையன் பின்னறைக்கு ஓடுவான். அவன் எடுத்து வரும்வரை மாஸ்டர் கரண்டியைத் தட்டிக்கொண்டு நிற்பார். மேசைதான் ராம். பின்னறைதான் உங்கள் ஹார்ட் டிஸ்க். குதிரை ஊருக்குள் நுழையும்போது படம் உறைகிறதே, அது பையன் பின்னறைக்கு ஓடும் நேரம்.

அந்த ஓட்டம் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். விநாடிக்கு 60 பிரேம் வர வேண்டும் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி. ராமில் இருக்கும் ஒரு தகவலைத் தொட்டு எடுக்க ஏறத்தாழ 100 நானோவிநாடி போதும். அதே தகவல் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், ஊசி நகர்ந்து, தட்டு சுற்றி வந்து, அதைப் படிக்கச் சுமார் 10 மில்லிவிநாடி. அதாவது ஒரு லட்சம் மடங்கு. இப்படி இரண்டே இரண்டு முறை டிஸ்க்கைத் தொட்டால் ஒரு பிரேமின் நேரம் முழுசாகப் போய்விட்டது. ஊருக்குள் நுழையும்போது இரண்டு முறை இல்லை, நூற்றுக்கணக்கான முறை தொடும். அரை விநாடி உறைந்து, அப்புறம் குதிரை நாலு அடி தள்ளி நிற்பது அதனால்தான்.

சராசரி எஃப்பிஎஸ் இந்தக் கதையைச் சொல்லாது. ஒரு நிமிடம் ஆடினால் சராசரி 45 எஃப்பிஎஸ் என்று மூலையில் காட்டும். அதில் நடுவே மூன்று இடத்தில் உறைந்தது தெரியாது. '1 சதவீத லோ' என்று ஒரு எண் உண்டு. வந்த பிரேம்களில் மிக மெதுவாக வந்த 1 சதவீதம் எந்த வேகத்தில் வந்தது என்று சொல்லும் எண் அது. ராம் பற்றாக்குறை அங்கேதான் மாட்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம். அதோடு வரும் ரிவாடியூனரைப் போட்டு, பிரேம் டைம் கோட்டைத் திரையில் வரவையுங்கள். கோடு வயல் வரப்பு மாதிரி சமமாகப் போக வேண்டும். அழகர்மலை மாதிரி திடீரென்று எழும்பினால் அந்த நொடியில்தான் உங்கள் கண்ணில் தடுக்குகிறது.

இப்போது உங்கள் மிஷினுக்கு வருவோம். ரெட் டெட் 2-க்கு அதைத் தயாரித்த ராக்ஸ்டார் குறைந்தபட்சம் என்று சொல்வது 8 ஜிபி, பரிந்துரைப்பது 12 ஜிபி. உங்களிடம் மொத்தமே 8. அதில் விண்டோஸ் தனக்கென்று இரண்டு, மூன்று ஜிபியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். டிஸ்கார்ட் திறந்திருக்கும். குரோமில் பத்து டேப், அதில் ஒன்றில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கேமுக்கு மிச்சம் என்ன? வேலரன்ட் நன்றாக ஓடுவதில் ஆச்சரியமில்லை, அது 4 ஜிபி ராம் உள்ள மிஷினிலும் ஓட வேண்டும் என்று கட்டப்பட்ட கேம். அதற்கு உங்கள் மேசை தாராளம். அதில் 32 ஜிபி போட்டாலும் எதிரி உங்களைச் சுடும் வேகம் குறையாது.

இதை என் வாயைப் பார்த்து நம்ப வேண்டாம், காசு செலவழிக்கும் முன் நீங்களே பாருங்கள். கேமை ஓடவிட்டு, ஊருக்குள் போய், படம் உறைந்த உடனே ஆல்ட் டேப் அடித்து வெளியே வாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டுங்கள். 'இன் யூஸ்' என்ற எண் 7.5-ஐத் தாண்டி நிற்கிறதா? அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'கம்ப்ரெஸ்டு' என்று ஒரு அளவு இருக்கும். இடம் போதாதபோது விண்டோஸ் ராமில் உள்ளதையே அமுக்கி மூட்டை கட்டும். அந்த மூட்டை 1 ஜிபியைத் தாண்டினால் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்ளலாம். மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதும் உங்கள் நாலு கோர் ஐ3-யின் தலையில்தான் விழுகிறது, அது வேறு. அப்படியே கீழே டிஸ்க் வரைபடத்தைப் பாருங்கள்: உறைந்த நொடியில் அது 100 சதவீதத்தில் முட்டி நின்றிருந்தால் வழக்கு முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. அதே மெமரி பக்கத்தில் 'கேஷ்டு' என்று பெரிய எண் காட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சும்மா கிடக்கும் ராமை விண்டோஸ் வீணாக விடாது. அடுத்து வேண்டியிருக்கும் என்று நினைப்பதை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கும், கேட்டால் உடனே காலி செய்து கொடுக்கும். ராம் கிளீனர், கேம் பூஸ்டர் என்று வரும் சாஃப்ட்வேர்கள் அந்த வைத்த பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு 'பார், 2 ஜிபி மிச்சப்படுத்தினேன்' என்று காட்டும். பையன் சுட்டு வைத்த பரோட்டாவைக் குப்பையில் போட்டு மேசையைத் துடைத்த மாதிரி. போன்களில் 'கூடுதல் 4 ஜிபி ராம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதுவும் ஏறத்தாழ இந்த ரகம்தான்: ஸ்டோரேஜில் கொஞ்சம் இடம் ஒதுக்கி அதை ராம் என்று கூப்பிடுவது. பின்னறையில் ஒரு பலகை போட்டுவிட்டு அதையும் மேசைக் கணக்கில் சேர்த்தால் எப்படி?

அப்புறம், ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் இடமான பேஜ் ஃபைலை அணைத்துவிட்டால் டிஸ்க்குக்குப் போகாதே என்று யூடியூபில் ஒருவர் சொன்னதாக ஒரு பையன் வந்தான். அணைத்தாலும் டிஸ்க்குக்குப் போவது முழுசாக நிற்காது. அதோடு, ராம் தீர்ந்தால் கேம் மொத்தமாக மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும்.

கடையில் சொன்ன யோசனைக்கு வருகிறேன். 8-ஐக் கொடுத்துவிட்டு ஒற்றை 16 வாங்காதீர்கள். உங்கள் எச்410 போர்டில் இரண்டு ஸ்லாட் இருக்கும். ஒன்று காலியாகத்தான் கிடக்கிறது. டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்று காட்டும். இருக்கும் ஸ்டிக்கை விட்டுவிட்டு, காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 போடுங்கள். அளவு 16 ஆகிறது, செலவு குறைகிறது, கூடவே ஒரு லாபமும் உண்டு. ஒற்றை ஸ்டிக் என்றால் பிராசசருக்கும் ராமுக்கும் நடுவே ஒரு வழிதான். 2666 வேகத்தில் அந்த வழியில் விநாடிக்குச் சுமார் 21 ஜிபி போகும். இரண்டு ஸ்லாட்டிலும் போட்டால் இரண்டு வழி, சுமார் 42 ஜிபி. இதற்குத்தான் டூயல் சேனல் என்று பெயர். வைகைக்குக் குறுக்கே ஒரு பாலம் மட்டும் இருந்தால் சித்திரைத் திருவிழா அன்று கோரிப்பாளையம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒற்றை 16-க்குச் சாதகமாக ஒரே வாதம்தான் உண்டு: பிற்காலத்தில் இன்னொரு 16 போட்டு 32 ஆக்கலாம். ஐ3-யும் 1650-யும் இருக்கும் மிஷினில் அந்தக் காலம் வரும்போது நீங்கள் மிஷினையே மாற்றியிருப்பீர்கள்.

இந்த டூயல் சேனல் உங்களுக்கு ஓரளவுக்குத்தான் உதவும், ஏனென்றால் உங்களிடம் தனி கார்டு இருக்கிறது. 1650 கார்டு தன் சொந்த மெமரியோடு விநாடிக்கு 128 ஜிபிக்குக் குறையாத வேகத்தில் பேசிக்கொள்கிறது. மெயின் ராமை அது நம்பி இல்லை. ஆனால் கார்டே இல்லாமல் ரைசன் 3200ஜி, 5600ஜி மாதிரி பிராசசரை வாங்கி அதிலேயே கேம் ஆடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு மெயின் ராம்தான் கிராபிக்ஸ் மெமரியும். பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே வழியில் முண்டிக்கொண்டு போகும். அங்கே ஒற்றை ஸ்டிக்கை இரண்டாக்கினால் நிஜமாகவே எஃப்பிஎஸ் எகிறும். 'ராம் போட்டேன், கேம் பறந்தது' என்று உங்கள் நண்பர் யாராவது சத்தியம் செய்தால் அவரிடம் தனி கார்டு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருக்காது. அவர் சொன்னதும் உண்மை, உங்களுக்கு அது பொருந்தாததும் உண்மை.

கார்டின் மெமரியையும் மெயின் ராமையும் குழப்பிக்கொள்வது இன்னொரு பழைய வியாதி. பரோட்டாக் கடையில் அது கல்லின் அகலம். மேசையை எவ்வளவு பெரிதாக்கினாலும் கல் அகலமாகாது. உங்கள் கார்டில் 4 ஜிபி. ரெட் டெட்டில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) அல்ட்ராவுக்கு ஏற்றினால் அந்த 4 ஜிபி நிரம்பி வழியும். வழிவது மெயின் ராமுக்குப் போய், கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத் திரும்பத் திரும்ப வரும். ராம் 16 ஆனதும் டாஸ்க் மேனேஜரில் 'ஷேர்டு ஜிபியு மெமரி 8 ஜிபி' என்று கூடுதலாகக் காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மெயின் ராமில் பாதி, அவ்வளவுதான், வேகமும் அந்த அளவுதான். இங்கே செய்ய வேண்டியது, டெக்ஸ்சரை ஒரு படி இறக்குவது. அதற்குக் காசு இல்லை.

எஃப்பிஎஸ்ஸே குறைவாக இருக்கிறது, உறையவில்லை, ஆனால் எப்போதும் மந்தம் என்றால் யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ரெசல்யூஷனை 1080-இல் இருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் சட்டென்று ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ராமில் காசு போடாதீர்கள். கொஞ்சமும் ஏறவில்லை என்றால் பிராசசர் பக்கம் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை யாரும் பார்ப்பதில்லை, நம் ஊரில்தான் அதை முதலில் பார்க்க வேண்டும். போன கத்திரி வெயிலில் மேலூரில் இருந்து ஒரு பையன் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கேபினெட்டைக் கட்டிக்கொண்டு வந்தான். கேம் பத்து நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் நொண்டும். ஏதோ ஒரு கடையில் 16-ஐ 32 ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அப்போதும் பத்து நிமிடம், அப்புறம் நொண்டல். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பிராசசர் ஃபேனுக்கு அடியில் ஹீட்சிங்க் பற்களுக்கு நடுவே தூசி தலையணைப் பஞ்சு மாதிரி அடைத்திருந்தது; இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் முழுத் துண்டாக வந்தது. பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து கிடந்தது. ஓடவிட்டுப் பார்த்தால் சூடு 100 டிகிரியைத் தொடுகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள 4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓட வேண்டிய பிராசசர் 2-க்கும் கீழே இறங்கிவிட்டது. மிஷின் இருந்தது மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட அறையில். புளோயர் அடித்து, பேஸ்ட் மாற்றி, கேபினெட்டைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லி அனுப்பினேன். அந்த 16 ஜிபி கூடுதல் ராம் இன்னும் அவன் மிஷினில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இந்த 'ராம் போடு' வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்ததே 128 எம்பிதான். பிரவுசிங் சென்டர்களில் பாதி மிஷின் அந்த அளவோடுதான் ஓடியது. 2005-இல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் பிசிக்கு வந்தபோது குறைந்தபட்சம் 256 எம்பி கேட்டது. அன்று எந்த மிஷினைத் திறந்தாலும் ராம் பற்றாக்குறைதான். ஒரு ஸ்டிக் போட்டால் எதுவானாலும் உயிர் வந்த மாதிரி ஓடும். நானே அந்த வைத்தியத்தில்தான் பேர் வாங்கினேன். மிஷின்கள் மாறிவிட்டன, வைத்தியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்றைக்கு 16 ஜிபி பெரும்பாலான கேம்களுக்குப் போதும். ஹாக்வார்ட்ஸ் லெகசி, ஸ்டார்ஃபீல்ட் போன்றவை குறைந்தபட்சமே 16 கேட்கின்றன. 32 வேண்டியவர்கள் உண்டு: ஃபிளைட் சிமுலேட்டர் 2024 பரிந்துரைப்பதே 32தான். மைன்கிராஃப்டில் மோட்களைக் கொட்டி ஆடுகிறவர்கள், ஆடிக்கொண்டே ஸ்ட்ரீம் செய்து வீடியோவும் எடிட் செய்கிறவர்களுக்கும் 32 வீண் போகாது. உங்களுக்கு வேண்டாம்.

வாங்கும்போது டிடிஆர்4 என்று பார்த்து வாங்குங்கள். டிடிஆர்3, டிடிஆர்5 உங்கள் ஸ்லாட்டில் நுழையாது. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறி இருக்கும். ஐ3, எச்410 சேர்ந்தால் ராம் 2666-க்கு மேல் ஓடாது. 3200 ஸ்டிக் வாங்கினால் கெடுதல் இல்லை, அதுவும் 2666-இல்தான் ஓடும். ஆர்ஜிபி விளக்கு எரிகிறது, 3600 வேகம் என்று கூடுதல் காசு மட்டும் கொடுக்காதீர்கள். பிராண்ட் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, இரண்டில் மெதுவானதன் வேகத்துக்கு மற்றது இறங்கிக்கொள்ளும். வேறு போர்டு வைத்திருப்பவர்கள், 3200 என்று எழுதிய ராம் வாங்கியும் டாஸ்க் மேனேஜரில் 2133 அல்லது 2400 என்று காட்டினால், பெரும்பாலும் பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யவில்லை என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வருடக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

2025 கடைசியில் இருந்து ராம் விலை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடக்கிறது. ஏஐ சர்வர்களுக்குச் சிப் போவதால் நமக்கு வருவது குறைந்துவிட்டது. அதனால் செகண்ட் ஹேண்ட் பார்த்தாலும் தப்பில்லை. ஹார்ட் டிஸ்க் மாதிரி ராம் ஓடி ஓடித் தேய்வதில்லை. ஆனால் காசு கொடுக்கும் முன் கடையிலேயே போட்டுப் பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டுவது கஷ்டமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் உள்ள ஸ்டாட்டிக் இறங்கிவிடும். ஸ்டிக்கின் மஞ்சள் பல் மங்கலாக இருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். நம்மூர் மெக்கானிக் எல்லோரும் முதல் நாள் கற்கும் வித்தை அது. வெட்டு பொருந்தியதும் இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தினால் கிளிப் 'டக்' என்று பிடிக்கும். அந்தச் சத்தம் கேட்காமல் ஆன் செய்யாதீர்கள். ஆன் செய்ததும் முதலில் கொஞ்ச நேரம் திரை கறுப்பாகவே இருக்கும், போர்டு புது ராமைப் பழகிக்கொள்கிறது. பதறிப்போய் ஆஃப் செய்ய வேண்டாம்.

16 ஆன பிறகும் ஊருக்குள் நுழையும்போது லேசாக ஒரு தடங்கல் மிச்சம் இருக்கும். அது ராம் இல்லை. கேமே புதுக் கட்டடங்களையும் ஆட்களையும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து வாரி எடுக்கும் நேரம். இரண்டாவது முறை அதே ஊருக்குப் போகும்போது குறைந்திருக்கும், மிச்ச ராமில் விண்டோஸ் எடுத்து வைத்திருக்கும். முழுசாகப் போக வேண்டும் என்றால் அடுத்த காசு, சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டிக்கு. போர்டில் எம்.2 இடம் இருந்தால் என்விஎம்இ, இல்லாவிட்டால் சாட்டா, எதுவானாலும் சரி. ஆனால் அந்த கேம் ஒன்றே 150 ஜிபி இடம் கேட்கும்; 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிவிட்டு விண்டோஸையும் அதையும் நெருக்கிப் போடாதீர்கள், 500 பக்கமாகப் பாருங்கள். அதுவரை கேமுக்கு முன் அந்தக் குரோமை மூடிவிடுங்கள். பாட்டைப் போனில் கேளுங்கள்.